பழஞ்சுவரும் புதுப்பூச்சும்

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. வகுப்பறையில் நாங்கள் அவ்வாறுதான் கற்பித்தோம். தேர்விலும் அவ்வாறுதான் வினாக் கேட்டோம். நாள்தோறும் நாம் சாய்ந்து அமரும் வீட்டுச் சுவரை ஒரு சான்றாகக் கொள்வார் அரியர். பழைய வீடொன்றைப் புதுப்பிக்கத் தொடங்கினால், முதலில் உளியும் சுத்தியலும் படுவது உட்சுவரின் காரைப் பூச்சின்மேல்தான். ஒரே பகலில் அதனைக் கொத்தி உதிர்த்து மாலையில் தெருவோரம் குவித்து விடுகிறார்கள். மறுநாள் சிமெண்டுப் பூச்சு ஏறுகிறது. அந்தக் குவியலோடு போனது யாது, அதன் இடத்தில் வந்தது சுவரை என்ன செய்யும் என்பவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கு ஒரு பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி இக்கோயிலை எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அவனைப் புகழ்கிறது. ஒன்று இல்லாமல் செய்ததைப் பெருமையாகச் சொல்ல வேண்டுமானால், அது எங்கும் வழக்கில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே அக்காலத்துக்கு முன்னர் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்தன என்பதும், அவற்றைச் சுதை பிணைத்தது என்பதும் அந்தக் கல்வெட்டாலேயே விளங்குகின்றன. சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. சங்க நூல்கள் சுதை தீட்டிய மாடங்களைப் பற்றிப் பேசுகின்றன. மகேந்திரவர்மன் விலக்கிய அந்தச் சுதையை நம் வீடுகள் அதன் பின்னும் பல நூற்றாண்டுகள் விலக்கவில்லை.

சுண்ணாம்பின் இயல்பை இரண்டொரு சொற்களில் கூறுவேன். கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலையும், உள்நாட்டில் சுக்கான் கல்லையும் காளவாயில் இட்டுச் சுடுவர். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் அதிலுள்ள கரியமில வாயு பிரிந்து வெளியேறும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீரை ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். (கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, இதனை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) நீற்றுச் சுண்ணாம்பை மணலோடு கலந்து சுவரில் பூசினால், காளவாயில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. கல்லாகத் தொடங்கிப் பொடியாகி, சுவரில் மறுபடியும் கல்லாகும் இந்தச் சுழற்சி விரைவில் முடிவதில்லை. தடித்த பூச்சின் உட்புறம் இறுகி முடியப் பல ஆண்டுகள் ஆகும். அவசரம் அறியாத பொருள் அது. அவசரம் மிகுந்த காலத்தில் அது தோற்றதற்கு இதுவே முதற்காரணம்.

தமிழ்நாட்டுக் கொத்தர்கள் இச்சாந்தைச் சுண்ணாம்பும் மணலுமாக மட்டும் விட்டுவிடவில்லை. கடுக்காயை ஊறவைத்த நீர், பனைவெல்லக் கரைசல், தயிர், முட்டையின் வெண்கரு ஆகியவற்றை வேலைக்கு ஏற்பச் சேர்த்தார்கள். இதனைப் பாட்டிமார் சொல்லும் கதை என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். இலண்டன் இராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1730-களின் தொடக்கத்திலேயே இது அச்சேறிவிட்டது. செயிண்ட் எலினாத் தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் சிறந்த சாந்து செய்யும் முறையைப் பற்றி அதில் எழுதினார். மணலும் சுண்ணாம்பும், வெல்லமும் கடுக்காயும் அக்குறிப்பில் இடம்பெற்றுள்ளன. அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. வெறும் நீரில் கரைவதைவிடச் சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு மிகுதியாகக் கரையும். சாந்து இறுகும் வேகமும் குறையும். குறைந்த நீரில் குழைவான சாந்து கிடைக்கும். நீர் குறைந்தால் காயும்போது வெடிப்பும் குறையும்.

சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு ஆங்கிலேயரை மயக்கியது. கரடான அடிப்பூச்சு, நயமான நடுப்பூச்சு, மாவு போல அரைத்த மேற்பூச்சு என மூன்று நிலைகளில் அதனை இட்டனர். மேற்பூச்சு ஈரம் உலருமுன் வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தனர். முடிவில் சுவர் சலவைக்கல் போலப் பளபளத்தது. பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் திருமலை நாயக்கர் எடுத்த அரண்மனையின் பெருந்தூண்களைக் கண்டோர் அந்த வழவழப்பை அறிவர். செட்டிநாட்டு வீடுகளின் உட்சுவர்களில் இன்றும் கை வைத்துப் பார்க்கலாம். கோடை நண்பகலிலும் குளிர்ச்சியாக இருக்கும். உரோமாபுரியின் விட்ருவியஸ் தமது கட்டடக்கலை நூலில் மணற்சாந்தில் மூன்று பூச்சும் அதன்மேல் சலவைக்கல் பொடி கலந்து மூன்று பூச்சும் இடுமாறு விதித்தார். அவருடைய நாட்டிலும் நம் நாட்டிலும் பொறுமையுள்ள கைகளே சுவரை மெருகேற்றின.

தஞ்சைப் பெரிய கோயிலின் செய்தியை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த அக்கோயிலின் கருவறையைச் சுற்றி இருள் சூழ்ந்த ஓர் உட்சுற்று உள்ளது. அதன் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அதன் அடியில் வேறோர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். அது சோழர் ஓவியம். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் பழைய பூச்சைக் கொத்தி எறியாமல் அதன்மேலேயே தம் பூச்சை ஏற்றியதால்தான் அது நமக்குக் கிடைத்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அப்பூச்சை ஆராய்ந்து, ஈரம் உலராத சுண்ணாம்புச் சுவரில் தீட்டப்பட்ட ஓவியம் அது என்று கூறினார். சுண்ணாம்பு கல்லாகும்போது வண்ணத்தையும் தன்னோடு சேர்த்துக் கல்லாக்கிக் கொண்டது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் காலத்துப் பூச்சைக் கிழியாமல் தனியே பிரித்தெடுத்து வேறு பலகைகளில் பொருத்தினர். இரண்டு காலங்களும் பிழைத்தன. நம் வீட்டுச் சுவரில் இராசராசன் காலத்து ஓவியம் இராது. ஆயினும் மேற்பூச்சின் அடியில் எதுவும் இல்லை என்று பாராமலே முடிவு செய்வது முறையன்று.

இத்தகைய கலை எப்படி மறைந்தது? 1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தர் ஜோசப் ஆஸ்ப்தின் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904-இல் நம் சென்னையிலேயே, கடற்கிளிஞ்சலைக் கொண்டு நடந்தது; அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கியது. 1939-இல் டால்மியாபுரமும் 1949-இல் தாழையூத்தும் சிமெண்டு தரத் தொடங்கின. சுண்ணாம்புக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்து ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டு அரைப்பதே சிமெண்டு. மூலப்பொருள் பழையதுதான்; வேகம் புதியது. காலையில் பூசினால் மாலையில் கெட்டிப்படும் சாந்து கிடைத்த பின்னர், வாரக்கணக்கில் ஊறவைத்து, செக்கில் அரைத்து, நாட்கணக்கில் தேய்க்கும் சாந்தை யார் நாடுவார்? காளவாய் அணைந்தது. சாந்து அரைக்கும் செக்கின் கல் சாலையோரத்தில் கிடந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே சுண்ணாம்பு இடித்த பெண்கள் வேறு வேலை தேடிச் சென்றனர். கொத்தனார் மகன் தந்தையிடம் சிமெண்டு வேலையை மட்டுமே கற்றான்.

எங்கள் வட்டாரத்தில் இம்மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. 1934-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளைப் பற்றி மாணவர்கள் படித்திருப்பீர்கள். 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. சுரங்கத்துக்காகப் பல ஊர்கள் இடம் பெயர்ந்தன. அவ்வூர்களின் செம்மண் சுவர்களும் காரைச் சுவர்களும் மண்ணோடு மண்ணாயின. அவற்றை யாரும் அளந்து வரைந்து வைத்ததாகத் தெரியவில்லை. நெய்வேலி நகரியம் செங்கல்லும் சிமெண்டுமாக எழுந்தது. அதன் அண்டை ஊராகிய வடக்குத்து நகரியத்தைப் பார்த்து வளர்ந்தது. புதிய வீடு என்றால் நகரியத்து வீடு போல இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஊரார் கருத்து. இதில் குறைகூற ஒன்றும் இல்லை. அனல்மின் நிலையத்தையும் மேம்பாலத்தையும் வெல்லமும் கடுக்காயும் கொண்டு கட்ட முடியாது. சிமெண்டைப் பழிப்பது என் நோக்கமன்று. சிமெண்டு வீட்டுக்குச் சிமெண்டு பொருந்தும். சுண்ணாம்பு வீட்டுக்கு அது பொருந்துமா என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை எங்கள் தெருவிலேயே கிடைத்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளில் ஓடுகள் பறந்து, உட்சுவர்கள் மழையில் நேரே நனைந்தன. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. மண்சாந்தில் அடுக்கிய செங்கற்சுவர். அதன்மேல் காரைப் பூச்சு. அதற்கும் மேல் ஆண்டுதோறும் பொங்கலுக்கு அடித்த வெள்ளை. சில வீடுகள் தள்ளி இதே அமைப்புள்ள மற்றொரு வீடும் நனைந்தது. அவ்வீட்டார் நனைந்த பூச்சை இடுப்புயரம் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசி, அதன்மேல் பளபளப்பான வண்ணமும் அடித்தனர். சுவர் பார்க்கப் புதிதாயிற்று. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் சிமெண்டு முடிந்த கோட்டுக்கு மேலே சுவர் உப்புப் பூத்தது. பின்னர்ச் சிமெண்டே பலகை பலகையாகப் புடைத்து விழுந்தது. விழும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக் கொண்டு விழுந்தது.

காரணம் எளிது. பழைய சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு இல்லை. நிலத்தின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் மிகுதி. ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். சிமெண்டுப் பூச்சு நெருக்கமானது. வண்ணப்படலம் அதனினும் நெருக்கமானது. வழி அடைபட்ட ஈரம் பூச்சுக்குப் பின்னால் தங்கும். அல்லது மேலே ஏறி வழி தேடும். ஈரத்தில் கரைந்து வந்த உப்பு அங்கே படிகமாகும். படிகம் வளரும்போது செங்கல்லின் துளைகளைப் பிளக்கும். மேலும், பழஞ்சுவர் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்பச் சற்றே அசையும். சுண்ணாம்பு அதனோடு இசைந்து அசையும். சிமெண்டு அசைய மறுத்து வெடிக்கும். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும் என்பது பழங்கொத்தர் விதி. தேய்வதானால் மாற்றத்தக்க பூச்சுத் தேயட்டும், மாற்ற முடியாத செங்கல் தேய வேண்டாம் என்பதே அதன் பொருள்.

எங்கள் வீட்டுச் சுவரை மூத்த கொத்தனார் ஒருவர் செப்பனிட்டார். எழுபதைக் கடந்தவர், இளமையில் தம் தந்தையோடு காரை வேலை செய்தவர். அவர் வேலை செய்த முறையை மாணவர்களுக்காகக் கூறுகிறேன். முதலில் அவர் சுவரைத் தொடவே இல்லை. கூரையைச் சரிசெய்யச் சொன்னார். வெளியே சுவரடியில் தேங்கிய நீருக்கு வடிகால் வெட்டச் சொன்னார். “வாத்தியாரய்யா, தண்ணி வர்ற வழிய அடைக்காம பூசுனா காசுக்குத்தான் கேடு” என்றார். பின்னர் ஓராண்டு சுவரைக் காயவிட்டார். அதன் பிறகு விரல் முட்டியால் சுவர் முழுவதையும் தட்டிப் பார்த்தார். கெட்டியாக ஒலித்த இடத்தை விட்டார். பொக்கையாக ஒலித்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். முழுச்சுவரும் போயிற்று என்று நான் எண்ணியிருந்தேன். வட்டங்கள் கால்பங்குக்கும் குறைவாகவே இருந்தன.

வட்டத்துக்குள் மட்டும் கொத்தினார். விளிம்பை உட்புறம் சற்று அகலமாக வெட்டினார். புதுப்பூச்சு பழையதின் அடியில் கவ்விப் பிடிப்பதற்காக. இடுக்குகளில் உதிர்ந்த மண்சாந்தைச் சுரண்டி, தூசியைத் துடைத்து, நீர் தெளித்தார். உலர்ந்த செங்கல் சாந்தின் நீரைக் குடித்துவிடும், சாந்து பிடிக்காது. சுண்ணாம்பை ஒரு மாதம் முன்பே தொட்டியில் நீற்றி, நீர் மூடி ஊறவிட்டிருந்தார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அடிப்பூச்சு இட்டார். அது இறுகியதும் நயமான மணலில் அடுத்த பூச்சு. மேற்பூச்சை உளுந்து மாவு போல அம்மியில் அரைக்கச் செய்து, இழையளவு கனத்தில் ஏற்றி, கூழாங்கல்லால் தேய்த்தார். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஈரச்சாக்கு தொங்கவிட்டுச் சில நாட்கள் காத்திருந்தார். ஒரே நாளில் தடிப்பாகப் பூசுவதைவிட மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவது நல்லது என்பது அவர் கொள்கை. முட்டை சேர்க்க வேண்டாமா என்று கேட்டேன். அது அரண்மனைக்கு என்று சிரித்தார். மேலே வண்ணம் வேண்டா, நீலம் கலந்த வெள்ளையே போதும் என்றும் கூறினார்.

அவர் கொத்திய விளிம்பொன்றில் வெள்ளையடிப்பின் படலங்களை நான் கத்தி முனையால் பிரித்துப் பார்த்தேன். மரத்தின் ஆண்டு வளையங்கள் போல மெல்லிய ஏடுகள் அடுக்காக வந்தன. நாற்பது வரை எண்ணினேன். அதற்குமேல் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. இடையே ஓரிடத்தில் நீலம் ஆழ்ந்திருந்தது. இன்னும் அடியில் காவிப்பட்டை ஒன்று ஓடியது. அது எந்தத் திருமணத்துக்கு அடித்தது என்று சொல்ல வீட்டில் இப்போது யாரும் இல்லை. எழுதப்படாத ஊர்களுக்கும் எழுதப்படாத குடும்பங்களுக்கும் இவைதாமே ஆவணம்? சுரங்கத்துள் மறைந்த ஊர்களின் சுவர்களை நினைக்கும்போது இந்த ஏடுகளின் அருமை எனக்கு மிகுதியாகத் தோன்றுகிறது.

மேனாட்டிலும் இதே பூசல் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பதாகக் கூறி, உட்சுவர்ப் பூச்சுகளைச் சுரண்டிக் கல்லை வெளிக்காட்டும் வழக்கம் பரவியது. அதனை எதிர்த்துக் கவிஞர் வில்லியம் மாரிஸ் 1877-இல் ஒரு சங்கம் அமைத்தார். ‘சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்’ என்றே அதற்குப் பட்டப்பெயர் வழங்கிற்று. நாள்தோறும் பராமரிப்பதே பழுதுபார்ப்பதினும் மேலானது என்பது அவர்கள் வாதம். பராமரிப்பின்றி விட்ட சுவரின் கதி என்ன என்பதற்குப் புதுச்சேரியே சான்று. பிரெஞ்சுக்காரர் காலத்து நகர்மன்றக் கட்டடமாகிய மேரி, 2014 நவம்பர் 29 அன்று பெருமழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர் அவ்விடத்தில் புதிதாகக் கட்டினார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 சனவரியில் தீப்பற்றிச் சிதைந்தது. அதனைப் பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீண்டும் எழுப்பினர். அதற்காகச் செக்குகள் மறுபடி சுழன்றன. கடுக்காயும் வெல்லமும் தொட்டியில் ஊறின. அந்த வேலையைக் கற்ற இளங்கொத்தர்கள் பிற பழங்கட்டடங்களுக்கும் தேவைப்படுகிறார்கள். பொறியியல் படிக்கும் மாணவர்கள் பாடத்தில் சிமெண்டின் வலிமையை அளக்கக் கற்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தின் ஈரங்கடத்தும் திறனையும் அளந்து பார்க்கலாம். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளி மாணவரும் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பூச்சைக் கொத்தப் போகிறார்கள் எனக் கேள்விப்பட்டால், அதற்கு முன் உள்ளங்கையளவு துண்டு ஒன்றை முழுக் கனத்தோடு எடுத்து, வீட்டின் பெயர், ஊர், எந்த அறையின் எந்தச் சுவர், எந்த நாள் என்பவற்றை எழுதிப் பெட்டியில் வையுங்கள். சுவரைத் தட்டிப் பார்க்கவும் மறவாதீர்கள்.

எங்கள் வீட்டில் பின்கட்டுச் சுவர் ஒன்று இன்னும் மீதம் இருக்கிறது. ஐப்பசியில் தொடங்கிவிடலாமா என்று கொத்தனாரைக் கேட்டேன். அடைமழையில் காரை காயாது என்று மறுத்துவிட்டார். தை பிறந்த பின் வருவார். சுண்ணாம்பை மட்டும் மார்கழியிலேயே ஊறப்போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.